உள்ளங்கையைச் சூடாக்கியவன்

அன்புள்ள டாக்டர்,

சொந்த ஊர் ஓசூர், எம்.பி.பி.எஸ். படிப்பது பெங்களூரில். இறுதியாண்டு மெடிசினில் எழுத்துத் தேர்வு நன்றாகவே எழுதினேன். ஒரு நோயாளியை முழுதாகப் பரிசோதித்துச் சொல்ல வேண்டிய செய்முறைத் தேர்வான லாங் கேஸில்தான் மாட்டிக்கொண்டேன். எனக்கு வந்தது சிக்கலான நரம்பு கேஸ். பக்கத்துப் படுக்கையில் என் தோழிக்குப் பார்த்ததுமே தெரிகிற ஈரல் கேஸ். அவள் பாஸ், எனக்கு சப்ளி, அதாவது மறுதேர்வு. அமெரிக்காவில் மதிப்பெண்ணையே எடுத்துவிட்டு வெறும் பாஸ், ஃபெயில் ஆக்கிவிட்டார்களாமே, இங்கும் அப்படிச் செய்தால் என்ன?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியே தேறியாக வேண்டும் என்ற விதி எனக்குச் சரியாகவே படுகிறது. மருந்தின் பெயரெல்லாம் தெரிந்து, நோயாளியைத் தொடத் தெரியாமல் ஒருவர் டாக்டராகிவிடக் கூடாது. ஆனால் அந்தச் செய்முறை மார்க்கின் பெரும்பகுதி ஒரு காலையில் கிடைக்கிற ஒரு நோயாளியை நம்பி இருந்தால், அதிர்ஷ்டத்துக்கும் சேர்த்துத்தான் நாங்கள் மார்க் போடுகிறோம்.

அமெரிக்காவில் 2022 ஜனவரியில் பாஸ், ஃபெயில் ஆனது உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 மட்டும். மேற்பயிற்சிக்கு ஆள் எடுப்பவர்களுக்கு ஏதாவதொரு எண் வேண்டியிருக்கிறது. அதனால் மதிப்பெண் இன்னும் இருக்கிற ஸ்டெப் 2 மேல் பாரம் ஏறிவிட்டது. நம் ஊரில் அந்த எண், மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பிஜியின் ரேங்க். வார்டு போஸ்டிங் நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து போனில் கேள்வி வங்கி பார்க்கிற பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களைத் திட்ட மனம் வருவதில்லை. அந்தத் தேர்வின் 200 கேள்விதான் அவர்கள் அடுத்து என்ன படிப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது.

நீங்கள் சொல்கிற அதிர்ஷ்டக் கோளாறுக்கு 1975லேயே ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் ஒரு வழி சொன்னார். அதுதான் ஆஸ்கி (OSCE) என்கிற செய்முறைத் தேர்வு முறை. எல்லா மாணவர்களும், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை தரப்படும் ஒரே வரிசை நிலையங்களைச் சுற்றி வர வேண்டும், தேர்வாளர் கையில் முன்கூட்டியே எழுதிய பட்டியல் இருக்கும். உங்கள் பிரச்சினைக்கு மதிப்பெண்ணை ஒழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் பட்டியலுக்கும் கண் போதாது. அப்படியொரு தேர்வில் பெங்களூர் அல்சூரில் பூக்கட்டும் ஒரு தமிழ் அம்மா நோயாளியாகப் படுத்திருந்தார். மண்ணீரல் வீங்கியிருந்தது. முதலில் வந்த பெண் என்னைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் அனுமதி கேட்டாள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் பட்டியலில் டிக் விழுந்தது. அப்புறம் ஒரு பையன் வந்தான். வட கர்நாடகத்தில் பிஜாப்பூர்ப் பக்கம், தமிழ் வராது. "அம்மா, கை வைக்கலாமா?" என்ற அளவுக்குக் கற்றுவைத்திருந்தான். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வலப்பக்க அடிவயிற்றில் ஆரம்பித்து, அவர் மூச்சு இழுக்க இழுக்கக் கையை இடது விலா நோக்கி நகர்த்தினான். கண் வயிற்றில் இல்லை, அவர் முகத்தில் இருந்தது. வலித்தால் முகம்தானே முதலில் சொல்லும்? இதற்கெல்லாம் பட்டியலில் கட்டம் கிடையாது. வாய்மொழித் தேர்வான வைவாவில் கொஞ்சம் திணறியதால் மொத்தத்தில் அவனுக்கு அவளைவிட மார்க் குறைவு. கையெழுத்துப் போட்டவன் நான். இன்னும் உறுத்துகிறது.

ஒரு நாள் பரீட்சையால் இதைப் பிடிக்க முடியாது. வருடம் முழுக்க யாராவது படுக்கை ஓரம் நின்று பார்த்து, அங்கேயே சொல்லித் திருத்த வேண்டும். 2019இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் லாக்புக், அதாவது செய்த பயிற்சியைப் பதிந்து ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கும் ஏடு, கேட்பது இதற்காகத்தான். பல இடங்களில் மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கி அதைக் கெடுத்துவைத்திருக்கிறோம். இதில் தப்பு மாணவர்களைவிட எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம்தான் அதிகம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் நரம்பு மண்டலத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை பரிசோதித்து முடிப்பதை எந்த ஆசிரியராவது முழுதாக நின்று பார்த்திருக்கிறாரா? இல்லையென்றால், சப்ளிக்கு முன் சுத்தியலையும் டியூனிங் ஃபோர்க்கையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். தோழியையும் கூட்டி வாருங்கள், அவர் நோயாளியாகப் படுக்கட்டும். நான் நின்று பார்க்கிறேன்.