எலும்புக்கூடு பாண்டாவைத் தொட்டியில் வளர்க்கலாமா?

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கண்ணாடி மாதிரி உடம்பு, உள்ளே வெள்ளை விலா எலும்பு, மேலே பாண்டா முகம். இப்படி ஒரு குட்டி உயிரின் படம் பார்த்தேன். நிஜமா? நிஜமென்றால் வாங்கி வளர்க்கலாமா? என் தொட்டிக் கல்லிலும் சின்னப் பைகள் போல ஏதோ ஒட்டியிருக்கிறது, பிய்த்துவிடவா?"

படம் நிஜம்தான். ஆனால் அதை வளர்க்க ஆசைப்படாதீர்கள், கல்லில் இருப்பதையும் பிய்க்காதீர்கள்.

அது சீ ஸ்குவர்ட், அதாவது அசிடியன் வகை; கடலில் பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் பை போன்ற உயிர். ஜப்பானின் ஒகினாவா பக்கம் குமே தீவுக் கடலில் முக்குளித்தவர்கள் எடுத்த படங்கள் இணையத்தில் சுற்றிய பிறகுதான் ஆய்வாளர்கள் அதைத் தேடிப் போனார்கள். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் நவோஹிரோ ஹசேகவாவும் ஹிரோஷி கஜிஹராவும் 2024-இல் அதற்கு க்ளாவெலினா ஒஸ்ஸிபாண்டே என்று பெயர் வைத்தார்கள். உயரம் 2 செ.மீ. வந்தாலே பெரிது. அந்த விலா எலும்பு எலும்பே இல்லை, செவுளில் குறுக்கே ஓடும் ரத்தக் குழாய்கள். கண்ணும் மூக்கும் வெறும் கறுப்புப் புள்ளிகள்.

முதுகெலும்பு இல்லாத இந்த உயிர் நமக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்பதுதான் எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். அசிடியனின் குஞ்சு தலைப்பிரட்டை மாதிரி இருக்கும், வாலுக்குள் முதுகுத்தண்டுக்கு முன்னோடியான ஒரு தண்டும் உண்டு. எதுவும் தின்னாமல் கொஞ்ச நேரம் நீந்தி, ஒரு பாறையைப் பார்த்துத் தலையால் ஒட்டிக்கொண்டு, வாலை உடம்புக்குள்ளேயே கரைத்துவிடும். அப்புறம் இடம் மாறுவது அபூர்வம். அதன் இதயம் சிறிது நேரம் ஒரு திசையில் ரத்தத்தைத் தள்ளும், சட்டென்று நின்று எதிர்த் திசையில் தள்ளத் தொடங்கும். உடம்பை மூடியிருக்கும் உறையில், செடிகளில் இருக்கிற செல்லுலோஸ்!

சரி, ஏன் வளர்க்கக் கூடாது? மேலே உள்ள ஒரு துளையால் தண்ணீரை இழுத்து, செவுளில் விரிந்திருக்கும் சளி வலையில் நுண்பாசியையும் பாக்டீரியாவையும் பிடித்துக்கொண்டு, வடிகட்டிய தண்ணீரை இன்னொரு துளையால் வெளியே விடுவதுதான் அதன் சாப்பாடு, அது நாள் முழுக்க நடக்க வேண்டும். நாமோ நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர், ஃபில்டர் எல்லாம் போட்டுத் தண்ணீரைப் பளிங்கு மாதிரி வைக்கிறோம். நமக்கு அழகாகத் தெரியும் அந்தத் தண்ணீரில் அதற்குத் தின்னப் போதுமானது இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிச் சாகும். போதாததற்கு, இந்த இனம் எங்கெல்லாம் வாழ்கிறது என்பதே இன்னும் முழுதாகத் தெரியாத நேரத்தில் பிடுங்கி விற்பதற்கு நாம் துணை போகக் கூடாது.

உங்கள் கல்லில் இருப்பது வேறு கதை, அது தானாக வந்து, உங்கள் தண்ணீரில் கிடைப்பதை வைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், ஒவ்வொரு பையிலும் இரண்டு துளைகள் தெரிந்து, பக்கத்தில் விரலை அசைத்ததும் அவை மூடிக்கொண்டால் அசிடியன்தான். பவளத்தின் மேல் ஏறிப் படராத வரை அப்படியே விடுங்கள். விரும்பினால் நுண்பாசித் திரவத்தைத் துளித் துளியாகக் கொடுக்கலாம், அதிகம் ஊற்றினால் தண்ணீர் கெடும். நாள்கணக்கில் துளைகள் மூடியே இருந்து, உடம்பு வெளுத்துக் கொழகொழவென்று ஆகிவிட்டால் மட்டும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். அழுகினால் அம்மோனியா ஏறும், சின்னத் தொட்டியில் அது மீன்களையும் கொன்றுவிடும்.