டாக்டர்கள் மாநாடு கூட்டினால் தாய்க்கு என்ன லாபம்?

கேள்வி: பிறவிக் குறைபாடுகள் பற்றி எங்கோ ஒரு நாட்டில் விஞ்ஞானிகள் மாநாடு கூட்டுகிறார்கள், பேசுகிறார்கள், கலைகிறார்கள். பெற்றவளுக்கு அதனால் என்ன கிடைக்கிறது? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: நிறையவே கிடைக்கிறது. 1961 நவம்பர் 18 அன்று ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் குழந்தை மருத்துவர்கள் கூடினார்கள். கை வளராமல், தோளை ஒட்டியே விரல்களோடு குழந்தைகள் பிறந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு டாக்டர் ஒரு குழந்தையைப் பார்ப்பார், இன்னொருவர் வேறு ஊரில் இரண்டு பார்ப்பார், யாருக்கும் முழுசாகப் புரியவில்லை. தாய்மார்களை விடாமல் விசாரித்து வந்த ஹாம்பர்க் டாக்டர் விடுகிண்ட் லென்ஸ் அந்தக் கூட்டத்தில் எழுந்து, கர்ப்பத்தின் தொடக்கத்தில் சாப்பிட்ட ஒரு மருந்தின் மேல் சந்தேகம் இருக்கிறது என்றார், பெயரை மட்டும் சொல்லவில்லை. அன்று மாலை ஒருவர் அவரிடம் வந்து, "அது கான்டர்கானா? எங்களுக்கும் அப்படி ஒரு குழந்தை, என் மனைவி அதைச் சாப்பிட்டாள்" என்று தனியாகக் கேட்டிருக்கிறார். கான்டர்கான் என்பது தாலிடோமைடு, அங்கே பலரும் தூக்கத்துக்குப் போட்டுக்கொண்ட மாத்திரை. பத்து நாளுக்குள் அது ஜெர்மன் கடைகளிலிருந்து போய்விட்டது. அதற்குள் உலகம் முழுக்கப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் 10,000-க்கும் மேல் என்கிறார்கள். அந்தக் கூட்டம் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போயிருந்தால் எத்தனை குழந்தைகளோ, நினைக்கவே பதறுகிறது.

கேள்வி: என் தங்கைக்கு உதடு பிளந்த குழந்தை பிறந்திருக்கிறது. கிரகணத்தன்று அவள் அரிவாள்மணையில் காய் நறுக்கியதுதான் காரணம் என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். (வாசகி, விருத்தாசலம்)

பதில்: கிரகணத்துக்கும் உதட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கர்ப்பத்தின் 4-வது வாரத்திலிருந்து 7-வது வாரத்துக்குள் முகத்தின் இரண்டு பக்கமும் வந்து சேர வேண்டும், சேராவிட்டால் பிளவு. பரம்பரை உண்டு, சில மருந்துகள் உண்டு, புகைபிடிப்பதும் உண்டு, பல சமயம் காரணமே தெரியாது. தங்கை மேல் ஒரு தப்பும் இல்லை, இதை மாமியார் காதில் விழும்படியே சொல்லுங்கள். குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பால் கொடுக்கச் சொல்லுங்கள், அப்புறம் அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் இதற்கான அறுவை சிகிச்சைக்கு வழி இருக்கிறது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: ஃபோலிக் ஆசிட் மாத்திரையை கர்ப்பம் உறுதியானதும் ஆரம்பித்தால் போதாதா? (வாசகி, ராஜபாளையம்)

பதில்: போதாது. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடும். அது சரியாக மூட ஃபோலிக் ஆசிட் உதவுகிறது, மூடாவிட்டால் மூளையிலோ தண்டுவடத்திலோ பிறவிக் குறைபாடு. நாள் தள்ளிப்போய், டெஸ்ட் எடுத்து, டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். ஏற்கெனவே இந்தக் குறைபாட்டோடு குழந்தை பெற்ற தாய்மார்களை வைத்து 7 நாடுகளில் நடத்திய ஆய்வு 1991-இல் வெளிவந்தது, ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டவர்களுக்கு அது மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு மலிவான மாத்திரை இவ்வளவு செய்கிறது, அதை நம் பெண்களுக்குக் கல்யாணத்தின்போதே யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்குங்கள், மூன்று மாதக் கர்ப்பம் வரை விடாதீர்கள். முன்பு அப்படிக் குழந்தை பிறந்திருந்தாலோ, வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டுவந்தாலோ இந்த அளவு பத்தாது, டாக்டரைக் கேட்டே எடுக்க வேண்டும், வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.