பொதுமக்களிடம் கேட்டு நகரப் பேருந்துத் தடங்களை மாற்றியமைக்க முடியுமா?

முடியும், கேட்கும் கேள்வி சரியாக இருந்தால். "உங்கள் தெருவுக்குப் பஸ் வேண்டுமா?" என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? அமெரிக்காவின் ஹூஸ்டனில் வேறு மாதிரி கேட்டார்கள்: இருக்கிற பணத்தில், கூட்டம் ஏறும் சாலைகளில் அடிக்கடி பஸ் விடுவதா, ஆள் குறைவான மூலைகளுக்கும் எப்போதாவது ஒன்று அனுப்புவதா? கடைசியில் பணத்தில் முதலாவதற்கு 80 சதவீதம், இரண்டாவதற்கு 20 என்று பேருந்து நிறுவனத்தின் நிர்வாகக் குழு முடிவெடுத்தது.

2014இல் வரைவு வெளியானதும் தங்கள் பஸ் போய்விடும் என்று சில பகுதிகள் கொதித்தன (நியாயம்தான்), திட்டத்தைத் திருத்தினார்கள். அப்புறம் 2015 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை, ஒரே நாளில் தடங்கள் மாறின. முன்பு பக்கத்துப் பேட்டைக்குப் போகவும் பெரும்பாலும் நகர மையம் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. மாற்றிய பிறகு, முக்கியத் தடங்கள் ஒன்றையொன்று வெட்டும் முனையில் இறங்கி நின்றால், ஞாயிறன்றும் 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் வந்தது.