பாண்டியன் குழியில் புதையல் இருக்குமா?

கேள்வி: எங்கள் மேட்டாங்காட்டில் உருண்டைப் பாறைகள் வட்டமாகக் கிடக்கின்றன. அப்பாரு அதைப் பாண்டியன் குழி என்பார். தென்னை வைக்க ஜேசிபி விட்டு நிரவிவிடலாம் என்கிறார் அண்ணன். அடியில் புதையல் இருப்பதாக ஊரில் பேச்சு. தோண்டிப் பார்க்கலாமா டீச்சர்?
– வாசகர், சென்னிமலை

பதில்: வேண்டாம் தம்பி. அண்ணனிடம் சொல்லி முதலில் ஜேசிபியை நிறுத்துங்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது கல்வட்டமாகத்தான் இருக்கும். இரும்புக்கால மக்கள் இறந்தவர்களுக்கு எழுப்பிய ஈமக்குழி. உங்கள் பக்கத்துக் கொடுமணலில், நொய்யலின் வடகரையில், இப்படி நூற்றுக்கு மேல் உண்டு.

வெளியே தெரிகிற வட்டம் வேலி மாதிரிதான். அதற்குள் கற்குவியல், அதற்கும் அடியில் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய அறை. ஒவ்வொரு பலகையும் அடுத்ததில் முட்டி நிற்கும். மண் எவ்வளவு நெருக்கினாலும் உள்ளே சரியாது. ஒரு பலகையில் வட்டமாகத் துளை இருக்கும், இடுதுளை என்பார்கள். முதன்முதலில் பார்த்தபோது அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். அவ்வளவு கெட்டியான கல்லைக் கொத்திக் கொத்திக் குடத்தின் வாய் போல மழுக்கியிருந்தார்கள். வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் செய்த வேலை அது.

சரி, புதையலுக்கு வருகிறேன். கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் ஒரே குழியில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள், அதாவது செந்நிறக் கல்மணிகள், கிடைத்தன. அது நம் பக்கத்துக் கல் இல்லை, வடக்கே தொலைவிலிருந்து வந்திருக்க வேண்டும். எந்த மணி எந்தப் பானைக்குப் பக்கத்தில் கிடந்தது என்று குறித்துக்கொண்டே எடுத்தார்கள். அதனால்தான் அந்த மணிகளை வைத்து அந்த மக்களைப் பற்றிப் பேச முடிகிறது.

என் சிறு வயதில் எங்கள் தோட்டத்துக்கு அடுத்தும் ஒரு வட்டம் இருந்தது. ஒரு ராத்திரி யாரோ தோண்டிவிட்டார்கள். விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தால் நொறுங்கிய பானை ஓடுகளும் மண்மேடும்தான் மிச்சம். பலகைக்கல் ஒன்று கொஞ்ச நாளில் துணி துவைக்கிற கல்லாகிவிட்டது. அன்று பொறுக்கிய ஓர் ஓடு இன்னும் என்னிடம் இருக்கிறது. உள்பக்கம் மை போலக் கறுப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்துச் சுட்டிருக்கிறார்கள். காற்றுப் படாத பக்கம் கறுத்துவிட்டது. யாருடைய குழியில் வைத்த பானை, உள்ளே என்ன இருந்தது என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. அறுபது வருடமாகியும் எனக்கு ஆறவில்லை.

ஒன்றும் தொடாமல் நாலு பக்கமும் படம் எடுத்து, தொல்லியல் துறைக்கும் தாசில்தாருக்கும் எழுதிக் கொடுங்கள். மண்ணுக்கடியில் பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமே சொல்கிறது. தென்னையைப் பத்தடி தள்ளி வைக்கலாமே தம்பி.

கேள்வி: சங்க நூலான பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இந்தக் கொடுமணல்தானா?
– வாசகி, காங்கேயம்

பதில்: ஆமாம் என்றுதான் அறிஞர்கள் பலரும் கொள்கிறார்கள், நானும் அப்படியே நம்புகிறேன். ‘கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்’ என்கிறார் புலவர் அரிசில்கிழார். கொடுமணத்தில் செய்த வேலைப்பாடு மிகுந்த அணிகலன் என்று பொருள். உங்கள் ஊருக்குப் பக்கத்துப் படியூரில் பெரில் என்னும் மணிக்கல், சிவன்மலையில் நீலக்கல். அவற்றைக் கொடுமணலுக்குக் கொண்டுவந்து பட்டை தீட்டித் துளையிட்டிருக்கிறார்கள். பாதி துளைத்து விட்டுப்போன மணிகள்கூட அங்கே கிடைத்திருக்கின்றன. இரும்பு உருக்கிய உலைகளும், பெயர் கீறிய பானை ஓடுகளும் உண்டு. கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போகும் பாதையில் இருந்த ஊர் அல்லவா!

பக்கத்தில்தான் ஒரத்துப்பாளையம் அணை. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டியதில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுத்தண்ணீர் தேங்கி, சுற்றுவட்டக் கிணறுகளெல்லாம் கெட்டுப்போயின. கொடுமணல் போகும்போது அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். மழை பெய்த மறுநாள் கொடுமணலுக்குப் போனால், மண் கழுவிய இடத்தில் பானை ஓடுகள் நன்றாகத் தெரியும். குனிந்து பாருங்கள், எடுக்காதீர்கள்.