வேர்டில் தமிழாகத் தெரியும் ‘பொருத்துக’ பயிற்சி, கூகுள் ஃபார்மில் ஒட்டினால் ஆங்கில எழுத்தாக வருவது

மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டாம். உரையை யூனிகோடுக்கு (எந்தக் கருவியிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) மாற்றிவிட்டு ஒட்டுங்கள், தமிழாகவே வரும்.

உங்கள் பழைய பயிற்சித்தாளைப் பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அப்படிப்பட்ட கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான்; அந்த எழுத்துருதான் அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. ஃபார்மில் அந்த எழுத்துரு கிடையாது.

1. வேர்டில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். லதா, நிர்மலா என்று இருந்தால் அது ஏற்கெனவே யூனிகோடு, சிக்கல் வேறு.
2. பாமினி, வானவில் என்று இருந்தால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் அதே பெயரைத் தேர்ந்து முதலில் ஒரு வரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். சரியாக வந்தால் மீதியையும் மாற்றி ஒட்டுங்கள்.

ஒன்று கவனம்: இடையில் உள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து மாறிக் குழம்பிவிடும். அவற்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பொருத்துகவுக்கு ஃபார்மில் உள்ள கட்ட வடிவக் கேள்வி (Multiple choice grid) சரியாக இருக்கும். ஆனால் நான்கு இணைக்கு மேல் வைக்காதீர்கள். கைபேசியில் பக்கவாட்டில் நகர்த்த வேண்டிவரும், சின்னப் பிள்ளைகள் கடைசி விடையைப் பார்க்காமலே விட்டுவிடுவார்கள்.