குறைந்த விலையில் குயில்ட் தைக்க எந்தத் தையல் மெஷின் வாங்கலாம்?

பழைய பருத்திப் புடவைகளை வைத்துக் குயில்ட், அதாவது இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு விரிப்பு வைத்த மூன்றடுக்குப் போர்வை, தைக்க வேண்டும், பட்ஜெட் கம்மி என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் எத்தனை டிசைன் தையல் இருக்கிறது என்று பார்க்கவே வேண்டாம், குயில்டுக்கு நேர்த்தையல் ஒன்றே போதும். உஷாவோ சிங்கரோ, அந்தக் கறுப்பு இரும்பு மெஷின் செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள், ஒரு மோட்டார் மாட்டிவிட்டால் மூன்றடுக்கையும் சிரமமில்லாமல் தைக்கும். என்ன, மாடிக்குத் தூக்க ஆள் வேண்டும்.

புதிதுதான் வேண்டும் என்றால், இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு விரிப்பு வைத்த துண்டு ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய், அதைத் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். சாதாரண மெஷினில் கீழே இருக்கும் பல் அடித்துணியைத்தான் இழுக்கும், மேல்துணி பின்தங்கிச் சுருக்கம் விழும். துணியை மேலிருந்து அழுத்தும் வாக்கிங் ஃபுட் என்ற தனிப் பாகத்தை மாட்டினால் மேல்துணியும் சேர்ந்து நகரும். அந்த மாடலுக்கு அது கிடைக்குமா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். பூ, கொடி என்று வளைத்துத் தைக்கும் ஆசை இருந்தால் அந்தப் பல்லை இறக்கவோ தகடு போட்டு மூடவோ வழி இருக்க வேண்டும். கையடக்க மினி மெஷின் பக்கமே போகாதீர்கள். அப்புறம், 14ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துத் தொடங்கலாம்.