பிழை என்னும் கட்டம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் 2009 முதல் பிட்ஸ்பர்கில் வசிக்கிறேன். வந்த முதல் கோடையிலேயே அலுவலக நண்பர்கள் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அன்று முதல் பைரேட்ஸ் அணியின் ரசிகன். அது அந்த அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த பதினேழாவது பருவம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். 2013 முதல் 2015 வரை மூன்று ஆண்டுகள் இறுதிச் சுற்றுகளுக்குப் போனோம். அதன்பின் மறுபடியும் பழைய கதை. 2025இல் 71 வெற்றி, 91 தோல்வி. பால் ஸ்கீன்ஸ் போன்ற ஒரு பந்தெறிபவரை வைத்துக்கொண்டு இந்த நிலை. மே மாதத்தில் மேனேஜரை நீக்கினார்கள், எதுவும் மாறவில்லை. ஒரு பான விளம்பரத்துக்காக, மைதானச் சுவரில் இருந்த, அணியின் பழம்பெரும் ஆட்டக்காரர் ராபர்டோ க்ளெமெண்டேயின் 21 என்ற எண்ணையே எடுத்தார்கள்.

இந்தப் பருவத்தில் ஓர் இளம் ஆட்டக்காரன் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டு ஓர் ஆட்டத்தையே கெடுத்தான். அவன் அந்தச் சீருடையை அணியத் தகுதியற்றவன். அன்றிரவு சமூக ஊடகத்தில் அவனை என்னால் இயன்ற அளவு திட்டினேன், அதற்காக வருந்தவுமில்லை. இப்போது என் பத்து வயது மகன், வென்றுகொண்டிருக்கும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் தொப்பி வேண்டும் என்கிறான். அவனைத் தடுப்பதா, அல்லது நானும் இந்த அணியை விட்டுவிடுவதா? நீங்கள் இங்கே வந்து ஓர் ஆட்டம் பார்த்ததாக முன்பு எழுதியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் ஸ்கோர் புத்தகங்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பரணைச் சுத்தம் செய்தபோது, கல்லூரி நாட்களில் எங்கள் ஊர்க் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நான் எழுதிய நீளமான புத்தகம் ஒன்று, ஓரங்கள் கரையான் தின்ற நிலையில் கிடைத்தது. மட்டையும் பந்தும் கைகூடாதவனை மரத்தடி மேசையில் உட்கார வைத்து ஸ்கோர் எழுதச் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். அதைப் புரட்டியபோது ஓர் ஆட்டம் நினைவுக்கு வந்தது. என் நெருங்கிய நண்பன் மிட்-ஆனில் நின்று, கைக்குள் வந்து விழுந்த காட்சைத் தவறவிட்டான். எதிரணிக்காரர் அதன்பின் அறுபது ஓட்டங்கள் எடுத்தார், நாங்கள் தோற்றோம். ஊர் அதை ஒரு மாதம் பேசியது. ஆனால் புத்தகத்தில் அந்த ஓவரின் கட்டத்தில் நான் வைத்த ஒற்றைப் புள்ளி மட்டுமே இருக்கிறது. கிரிக்கெட்டின் ஸ்கோர் புத்தகத்தில் தவறவிட்ட காட்சுக்கென்று ஒரு கட்டம் கிடையாது.

பேஸ்பாலில் உண்டு. உங்கள் மைதானத்தின் பெரிய பலகையிலேயே ஓட்டங்கள், மட்டையாளர் அடித்து முதல் தளத்துக்கோ அதற்கு அப்பாலோ ஓடிச் சேரும் ஹிட்கள், அவற்றுக்கு அடுத்துப் பிழைகள் என்று மூன்று கட்டங்கள் உண்டு. ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க அந்த மூன்றாவது கட்டத்தில் ஓர் எண் கூடும்போது, மைதானத்தில் நிற்கும் ஒருவன் தலையைக் குனிந்துகொள்கிறான். அதை நான் முதன்முதலில் பார்த்தது பிட்ஸ்பர்கில்தான்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன், உங்கள் ஊரிலுள்ள ஒரு நண்பரின் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். பென் ஹில்ஸ் குன்றின்மேல் உள்ள பெருமாள் கோயிலில் காலையில் புளியோதரை சாப்பிட்டுவிட்டு, அன்று மாலையே பி.என்.சி. பார்க்கில் போய் உட்கார்ந்தோம். செப்டம்பர் கடைசி. அணிக்கு அந்தப் பருவத்தில் எந்த வாய்ப்பும் எஞ்சியிருக்கவில்லை. பாதி இருக்கைகள் காலி. ஆற்றுக்கு அப்பால் நகரத்தின் கட்டடங்கள் ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொண்டிருந்தன. எனக்கு அடுத்த இருக்கையில், எழுபது வயதைக் கடந்த, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி மடியில் அட்டையை வைத்துப் பென்சிலால் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார். கைப்பையில் பென்சில் சீவி ஒன்று இருந்தது. பழைய ஸ்கோரர் என்று என்னை நண்பர் அறிமுகப்படுத்தியதும், அடுத்த இன்னிங்ஸ் முழுவதையும் என்னை எழுதச் சொன்னார்.

மைதானத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் உண்டு என்பதையும், இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் தளத்துக்கு எறிந்து அங்கிருந்து முதல் தளத்துக்குப் போகும் இரட்டை அவுட்டை 6-4-3 என்று எழுத வேண்டும் என்பதையும், மூன்று நல்ல பந்துகளை அடிக்கத் தவறி மட்டையாளர் ஸ்ட்ரைக் அவுட்டானால் ஆங்கில ‘கே’ எழுத்தையும், மட்டையை அசைக்காமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானால் அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பியும் எழுத வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்லித் தந்தார். அந்தக் ‘கே’ எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தியாளராகத் தொடங்கிய ஹென்றி சாட்விக் என்பவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேஸ்பாலுக்கு ஸ்கோர் எழுதும் முறையை வகுத்தபோது, ‘ஸ்ட்ரக்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தை எடுத்துக்கொண்டார். கிரிக்கெட்டின் கணக்கை அறிந்த மனிதர் கிரிக்கெட்டில் இல்லாத பிழைக் கட்டத்தைப் பேஸ்பாலுக்குக் கொடுத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அன்று நான் எழுதிய இன்னிங்ஸில், இடப்பக்கம் வெகுதூரம் ஓடிப் பாய்ந்து பந்தைக் கையுறையால் தட்டிய ஷார்ட்ஸ்டாப், எழுந்து எறிந்தபோது பந்து முதல் தளத்துக்கு மேலே பறந்துவிட்டது. பலகையில் பிழை ஏறியது. அடுத்த சில நிமிடங்களில், மெதுவாக வந்த ஒரு பந்தை நோக்கி இன்னொருவர் இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றுவிட்டார். பந்து புல்லில் உருண்டு போனது. அது ஹிட்டாக எழுதப்பட்டது, பிழையாக எழுதப்படவில்லை. நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். ஓடியவனுக்குப் பிழை, நின்றவனுக்கு ஒன்றுமில்லையா என்று கேட்டேன். அவர் பென்சிலை வாங்கிக்கொண்டு, ஐம்பது வருடமாகத் தன் கணவரும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்றார்.

விதி என்ன சொல்கிறது என்றால், சாதாரண முயற்சியாலேயே எடுத்திருக்கக்கூடிய அவுட்டை ஆட்டக்காரர் கெடுத்தால் அது பிழை. அதைத் தீர்மானிப்பவர் மேலே பத்திரிகையாளர் அறையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரபூர்வ ஸ்கோரர். பந்தைத் தொட்டால்தான் பிழை என்று விதி சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில், தொடாத பந்துக்குப் பிழை எழுதப்படுவது அரிது. மனத்தால் செய்யும் தவறுகளோ கணக்கிலேயே வராது. ஆகவே பரந்த எல்லைக்கு ஓடக்கூடியவன் அதிகப் பந்துகளைத் தொடுகிறான், அதிகப் பிழைகளைச் சேர்க்கிறான். நின்ற இடத்தில் நிற்பவனின் கணக்கு தூய்மையாக இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நீங்கள் அந்த இளைஞனைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அவன் பந்துக்குப் போனான். போனதால் தவறினான். நாட்டுக்கே தெரியும்படி அவன் பெயருக்கு எதிரே அது எழுதப்பட்டுவிட்டது. அதன்பின்னும் நீங்கள் நள்ளிரவில் உட்கார்ந்து அவனுக்கு இன்னொரு தண்டனை எழுதுகிறீர்கள், அதற்கு வருந்தவில்லை என்று எனக்குக் கடிதமும் போடுகிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் நீங்கள் எழுதிய நிரல் ஒன்று பழுதாகும் ஒவ்வொரு முறையும் ஆற்றங்கரையில் பலகை வைத்து எண்ணை ஏற்றினால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அந்தப் பதிவை அழித்துவிடுங்கள். இதை நான் கேட்டுக்கொள்ளவில்லை, சொல்கிறேன்.

மேனேஜரைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு நீண்ட பத்திகளை இங்கே வெட்டிவிட்டேன். ஒருவர் போனார், இன்னொருவர் வந்தார், கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற ஹோம் ரன்களை முப்பது அணிகளிலும் மிகக் குறைவாக அடித்த அணியை வைத்துக்கொண்டு எவர் வந்தாலும் செய்வதற்கு அதிகமில்லை. எந்த ஆட்டக்காரரை எந்த ஆண்டு விற்றிருக்கக் கூடாது என்ற பட்டியலுக்கும் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் மைதானத்தில் நிற்காதவர்களுக்குப் பிழைக் கட்டம் இல்லை என்பதைத்தான் நீங்கள் யோசித்திருக்க வேண்டும். பேஸ்பாலில் ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 விழுக்காட்டைப் பொதுவில் போட்டு, எல்லா அணிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. சிறிய ஊரின் அணி போட்டதைவிட அதிகமாக எடுத்துக்கொள்கிறது. ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவாவது செலவிட்டாக வேண்டும் என்று கீழ்வரம்பு எதுவும் இல்லை. கடைசியில் வந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படுவதும் இல்லை. மாறாக, அடுத்த இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை கிடைக்கும். 2022இல் உங்கள் அணி 100 ஆட்டங்களில் தோற்றது. அந்த டிசம்பரில், தேர்வு வரிசைக்காக நடந்த குலுக்கலில் முதலிடம் விழுந்தது. ஸ்கீன்ஸ் வந்ததே அப்படித்தான். அவர் 2025இல் ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த, பிழையால் வராத ஓட்டங்கள்) 1.97 என்ற கணக்கோடு எறிந்து, சிறந்த பந்தெறிபவருக்குரிய சை யங் விருதை ஒருமனதாகப் பெற்றார். அவர் கணக்கில் ஏறிய வெற்றிகள் 10, தோல்விகளும் 10. அத்தனை திறமையாக எறிந்தவன் பெயரில்கூடத் தோல்வி ஏறுகிறது, பாருங்கள். 2007 முதல் தலைமை உரிமையாளராக இருக்கும் பாப் நட்டிங்கின் பெயருக்கு எதிரே எந்தக் கட்டமும் இல்லை.

ஊர் சிறியது, தொலைக்காட்சி வருமானம் குறைவு, டாட்ஜர்ஸ் போலச் செலவிட முடியாது என்று சொல்வார்கள். அது பொய்யும் அல்ல. ஆனால் மில்வாக்கி இன்னும் சிறிய சந்தை. 2025இல் உங்கள் பிரிவிலேயே 97 ஆட்டங்களை வென்று, முப்பது அணிகளிலும் முதலாவதாக நின்றது அதுதான். ஏப்ரலில், உள்ளூரின் முதல் ஆட்டத்தன்று, அணியை விற்றுவிடச் சொல்லும் பதாகையோடு ஒரு விமானம் பறந்ததே, அதை அனுப்பியவர்கள் இல்லாத கட்டத்தை வானத்தில் வரைந்து பார்த்தார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். க்ளெமெண்டேயின் எண்ணை எடுத்தது தவறு என்று அணியின் அலுவலகம் ஒப்புக்கொண்டு, அதைத் திரும்ப வைத்தது. அலுவலகத்தின் கணக்கில் பிழை ஒன்று ஏறிப் பார்த்தது எனக்கு அது ஒருமுறைதான்.

தோல்வியினால் உங்கள் மனம் இவ்வளவு கசந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் வருவதற்கு முன், 1997இல், ஏறத்தாழ ஒன்பது மில்லியன் டாலர் ஊதியத்தில், ஒரு முழு அணியே அங்கே ஆடியது. அந்த ஆண்டு சிகாகோவின் ஒரு தனி ஆட்டக்காரருக்கே அதைவிட அதிக ஊதியம். அவர்கள் 79 வென்று 83 தோற்றார்கள். ஆனால் செப்டம்பர் கடைசி வாரம் வரை முதலிடத்துக்குப் போட்டியிட்டார்கள். அதுவும் தோற்ற பருவம்தான். அந்தப் பெண்மணி அதைப் பற்றிப் பேசியபோது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அவர்தான் என்னை அக்டோபர் 13 அன்று ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் சுவருக்கு வரச் சொன்னார். பல்கலைக்கழகப் பகுதியில் இருந்த அந்தப் பழைய மைதானம் 1970இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. வெளிச்சுவரின் ஒரு துண்டு மட்டும், கொடி படர்ந்து, இன்றும் நிற்கிறது. 1960இல் அதே நாளில் அங்கே, பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம் நடந்தது. அந்தத் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் அணி மொத்தம் 55 ஓட்டங்கள் எடுத்தது, பைரேட்ஸ் 27. 1985இல் ஒரு மனிதர் அந்த ஆட்டத்தின் வானொலி ஒலிப்பதிவை எடுத்துக்கொண்டு, தனியாக அந்தச் சுவரடியில் உட்கார்ந்து கேட்டார். அடுத்தடுத்த ஆண்டுகளில் மற்றவர்களும் சேர்ந்தார்கள். நான் போனபோது நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள்.

எட்டாவது இன்னிங்ஸில், யாங்கீஸ் 7-4 என்று முன்னிலையில் இருக்கையில், பில் விர்டன் தரையோடு அடித்த பந்து ஷார்ட்ஸ்டாப் டோனி குபெக்கை நோக்கி வருகிறது. உறுதியான இரட்டை அவுட். அது எங்கோ பட்டு எழும்பி அவர் தொண்டையில் அடிக்கிறது. அது பிழையாக எழுதப்படவில்லை, ஹிட். அங்கிருந்துதான் அந்த இன்னிங்ஸின் ஐந்து ஓட்டங்களும் வந்தன. அங்கே கூடியிருந்த எல்லோருக்கும் அந்தப் பந்து எழும்பும் என்பது தெரியும். பில் மெசரோஸ்கி ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து 10-9 என்று முடிப்பார் என்பதும் தெரியும். இருந்தும் அந்த நொடியில் பேச்சு அடங்கிவிட்டது. என் பக்கத்திலிருந்த அந்த அம்மாள், தன் அணியை வாழவைத்த அந்தப் பந்துக்காக மகிழ்வதற்கு முன், எதிரணியின் குபெக்குக்காக ஒரு முறை உச்சுக்கொட்டினார். மடியில் பென்சிலும் அட்டையும் இருந்தன. முடிவு தெரிந்த ஆட்டத்துக்கும் அவர் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார்.

உங்கள் மகனுக்குத் தொப்பியை வாங்கிக் கொடுங்கள். பத்து வயதில் வெல்பவர்கள் பக்கம் நிற்க ஆசைப்படுவது குற்றமில்லை. 2026இல் அக்டோபர் 13 செவ்வாய்க்கிழமை வருகிறது. பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவனை அந்தச் சுவருக்கு அழைத்துப் போங்கள், அந்தத் தொப்பியோடேயே. ஒலிப்பதிவு மதியம் ஒரு மணிக்குத் தொடங்கிவிடும். மடக்கு நாற்காலியும் இரண்டு பென்சிலும் கொண்டுபோங்கள், அங்கே எதுவும் கிடைக்காது.